மஜ்லிஸும் படிப்பகமும்: வளைகுடாப் பொது நூலகங்களின் கலைநிகழ்வுகளும் அவற்றில் தமிழர்க்குரிய இடமும்

முன்னுரை

ஷார்ஜா பொது நூலகம் 2025ஆம் ஆண்டில் தன் நூற்றாண்டை எய்தியது. எண்ணெய் வளம் கண்டறியப்படுவதற்கும், ஐக்கிய அரபு அமீரகம் என்னும் கூட்டரசு 1971 டிசம்பர் 2இல் அமைவதற்கும் நெடுங்காலம் முன்பே தோன்றிய நூலகம் அது. வளைகுடா நாடுகளின் பண்பாட்டு நிறுவனங்கள் யாவும் எண்ணெய்ப் பணத்தால் நேற்று எழுந்தவை என்று நம்மவரிடையே நிலவும் எண்ணத்தை இவ்வொரு செய்தியே ஐயுறச் செய்கிறது.

இன்று இந்நாடுகளின் பொது நூலகங்களில் கதைசொல்லல், வனப்பெழுத்துப் பயிற்சி, ஓவியப் பட்டறை, இசை, நாடகம், முப்பரிமாண அச்சு எனப் பலவகை நிகழ்வுகள் நடைபெறுகின்றன. இவற்றை மேலைநாட்டு நூலகங்களைப் பார்த்து அண்மையில் ஒட்டிக்கொண்ட அணிகலன்கள் எனக் கருதுவோர் பலர். அக்கருத்து வரலாற்றோடு பொருந்தவில்லை என்பதை இக்கட்டுரை முதலில் எடுத்துரைக்கிறது. அடுத்து, இவ்வளவு தமிழர் வாழும் நிலத்தில் இந்நூலகங்களின் கலைவாழ்வில் தமிழின் பங்கு ஏன் மெலிந்திருக்கிறது என்னும் வினாவை எழுப்புகிறது. அதன் விடையில் ஒரு பகுதி வளைகுடாவில் இல்லை. தமிழ்நாட்டு நூலக வரலாற்றில் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

முத்துக்கடலும் நூற்பெட்டியும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வளைகுடாத் துறைமுகங்களின் வாழ்வு முத்துக்குளிப்பைச் சார்ந்திருந்தது. முத்து மும்பைக்குச் சென்றது. அரிசியும் துணியும் மரமும் மும்பையிலிருந்து வந்தன. அரசியல் தொடர்பும் அவ்வழியதே. புஷைரில் அமர்ந்திருந்த பிரித்தானிய அரசியல் வதிவாளர் 1947 வரை இந்திய அரசுக்கே பொறுப்புடையவராக இருந்தார். இந்திய ரூபாயே கடைவீதியின் நாணயம். 1959இல் வளைகுடாவுக்கெனத் தனி ரூபாய் அச்சிடப்பட்டுச் சில ஆண்டுகள் புழங்கியதும் இத்தொடர்பின் நீட்சியே. இக்காலத்து ஆவணங்களை இன்று இலண்டன் செல்லாமலே படிக்கலாம். கத்தார் தேசிய நூலகமும் பிரித்தானிய நூலகமும் இணைந்து 2014இல் தொடங்கிய கத்தார் எண்ணிம நூலகம், இந்திய அலுவலகப் பதிவேடுகளின் வளைகுடாப் பகுதியைப் பொதுவில் வைத்துள்ளது. தமிழ் ஆய்வாளர் இச்சுரங்கத்தைத் தொட்டது மிகக் குறைவு.

முத்து வணிகர் சரக்கோடு அச்சுத்தாளையும் கொண்டுவந்தனர். கெய்ரோவின் இதழ்களும் மும்பையில் அச்சான நூல்களும் செல்வர் வீட்டு மஜ்லிஸ்களை அடைந்தன. மஜ்லிஸ் என்பது வீட்டின் முற்பகுதியில் விருந்தினர்க்கென அமைந்த கூடம். நம் திண்ணையைப் போல் அது வீட்டுக்கும் தெருவுக்கும் இடைப்பட்டது. ஆயினும் திண்ணையைவிட ஒழுங்கு மிக்கது. அங்கே ஒருவர் படிக்கப் பலர் கேட்டனர். நபதி என்னும் வழக்குமொழிக் கவிதை பாடப்பட்டது, வழக்கு பேசப்பட்டது, கடற்செய்தி பரிமாறப்பட்டது. நூல் அங்கே அமைதியாகப் படிக்கப்படும் பொருளாக இருக்கவில்லை. குரலுக்கு ஊற்றாக இருந்தது.

ஷார்ஜாவின் இப்ராஹிம் அல் மித்ஃபாவின் மஜ்லிஸ் இதற்கு நல்ல சான்று. ஆட்சியாளர்களுக்கு ஆலோசகராக விளங்கிய அவர் 1927இல் ‘உமான்’ என்னும் கையெழுத்து இதழை நடத்தியவர். அச்சுக்கூடம் இல்லாத ஊரில் கையால் எழுதிக் கைமாற்றிப் படித்த இதழ் அது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இளைஞர் நடத்திய கையெழுத்துப் பத்திரிகைகளை அறிந்தவர்க்கு இச்செய்தி அயலாகத் தோன்றாது. அம்மஜ்லிஸ் பழைய நகர்ப்பகுதியில் இன்றும் நிற்கிறது. அமீரகத்தில் வட்டவடிவ காற்றுக்கோபுரம் உடைய கட்டடம் அதுவொன்றே என்பதால் சுற்றுலாவினர் அண்ணாந்து பார்த்துச் செல்கின்றனர். கோபுரத்தின் கீழே நடந்த வாசிப்பே அதனினும் அரியது.

குவைத்திலும் பஹ்ரைனிலும் இப்போக்கையே காண்கிறோம். குவைத்தில் 1913இல் தோன்றிய அறக்கழகம் நூல் திரட்டியது. 1923இல் பொது நூலகம் உருவானது. அடுத்த ஆண்டே இலக்கிய மன்றம் தோன்றியது. பஹ்ரைனின் முஹர்ரக்கில் இலக்கிய மன்றம் 1920இலேயே இருந்தது. மும்பையில் 1908இல் பிறந்து பஹ்ரைனின் பெருங்கவிஞரான இப்ராஹிம் அல் அரய்யித், 1930களில் தாம் நடத்திய பள்ளியில் தம் செய்யுள் நாடகங்களை மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். அவர் வாழ்ந்த வீடு இன்று கவிதை இல்லமாக இயங்குகிறது. நூலகம், மன்றம், பள்ளி, மேடை ஆகிய நான்கும் தனித்தனி நிறுவனங்களாகப் பிரியாத நிலை அன்று இருந்தது என்பது கருதத்தக்கது.

கோட்டையிலிருந்து ஞான இல்லம் வரை

1924 முதல் 1951 வரை ஷார்ஜாவை ஆண்ட ஷேக் சுல்தான் பின் சகர் அல் காசிமி 1925இல் நிறுவியதே காசிமியா நூலகம். ஆட்சியாளர் வாழ்ந்த கோட்டையான ஹிஸ்னில் அது தொடங்கிற்று. பின்னர்ப் பொது நூலகம் என்னும் பெயர் பெற்று, பலமுறை இடம் மாறி, 2011இல் பண்பாட்டுச் சதுக்கத்தின் புதிய கட்டடத்துக்கு வந்தது. கல்பா, கோர்ஃபக்கான், திப்பா அல் ஹிஸ்ன் முதலிய ஊர்களில் அதற்குக் கிளைகள் உள்ளன.

நூலகம் பிறந்த கோட்டையின் கதை தனியே சொல்லத்தக்கது. 1970ஐ ஒட்டி அக்கோட்டையை இடிக்கத் தொடங்கினர். அப்போது கெய்ரோவில் மாணவராக இருந்த சுல்தான் பின் முஹம்மது அல் காசிமி செய்தி கேட்டு விரைந்து வந்தார். பெரும்பகுதி இடிந்துவிட்டது, ஒரு கோபுரத்தையே காக்க முடிந்தது. கதவுகளையும் சன்னல்களையும் சேர்த்து வைத்தார், அளவுகளைக் குறித்துக்கொண்டார். 1972இல் அவரே ஆட்சியாளரானார். 1990களில் கோட்டை பழைய வடிவில் மீண்டும் எழுந்தது. வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவரும் நாடகாசிரியருமான ஒருவர் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆளும்போது ஓர் ஊரின் நூலகக் கொள்கை எவ்வாறு அமையும் என்பதற்கு ஷார்ஜாவே எடுத்துக்காட்டு. 1982இல் தொடங்கிய பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சி, 1993இல் தொடங்கிய இருமையாண்டுக் கலைக்காட்சி, 1998இல் கிடைத்த அரபுலகப் பண்பாட்டுத் தலைநகர் என்னும் சிறப்பு, 2008இல் ஒவ்வோர் அமீரகக் குடும்பத்துக்கும் 50 நூல்கள் கொண்ட வீட்டு நூலகம் வழங்கத் தொடங்கிய திட்டம், 2019இல் யுனெசுகோ அளித்த உலகப் புத்தகத் தலைநகர்ப் பெருமை எனப் பலவும் ஒரே நூலில் கோத்த முத்துக்கள்.

உலகப் புத்தகத் தலைநகர் ஆண்டின் நினைவாக எழுந்ததே 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட ஞான இல்லம். பாக்தாதின் அப்பாசியர் காலத்து ‘பைத்துல் ஹிக்மா’வின் பெயரை அது தாங்கியுள்ளது. ஃபாஸ்டர் நிறுவனத்தார் வடிவமைத்த இரண்டடுக்குக் கட்டடம். சுவர்களுக்கு வெளியே 15 மீட்டர் நீண்டு நிழல் தரும் கூரையும் நடுவே திறந்த முற்றமும் உடையது. அதனுள் நூலடுக்குகளோடு காட்சிக்கூடம், சொற்பொழிவு அறைகள், சிறார் பகுதி, நூல்களைக் கேட்டவுடன் அச்சிட்டுக் கட்டித்தரும் பொறி, அல் ஜசரி பெயரிலான செய்கலைக்கூடம் ஆகியவை அமைந்துள்ளன. அல் ஜசரி 1206இல் விந்தைப் பொறிகளைப் பற்றிய நூலை எழுதி முடித்தவர். அவருடைய புகழ்பெற்ற யானைக் கடிகாரத்தில் யானை இந்தியாவைக் குறிக்கிறது. கைவினையும் ஏட்டறிவும் ஒருவரிடத்தே சேர்ந்திருந்த காலத்தின் அறிஞரை முப்பரிமாண அச்சுப்பொறி உள்ள அறைக்குப் பெயராக வைத்தது பொருத்தமான தேர்வு.

நூலகம் பட்டறையாதல்

துபாயின் முதல் பொது நூலகம் 1963இல் ஷேக் ராஷித் பின் சயீத் அல் மக்தூம் ஆட்சிக்காலத்தில் அல் ராஸ் பகுதியில் தோன்றியது. கடற்கழியின் முனையில், வாசனைப் பொருள் அங்காடிக்கு அருகே, 1912இல் நிறுவப்பட்ட அஹ்மதியா பள்ளியின் அண்டையில் அது நிற்கிறது. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர் ஆகிய ஊர்களிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகரும் ஊழியரும் இத்தேரா வட்டாரத்தின் கடைத்தெருக்களில் நெடுங்காலமாக நடமாடி வருகின்றனர். நூலகத்தின் வாயிலைக் கடந்தே அவர்களுள் பலர் நாள்தோறும் கடைக்குச் சென்றிருப்பர்.

நகராட்சியின் பொறுப்பில் வளர்ந்த துபாய் நூலகங்கள் பின்னர் பண்பாடு கலை ஆணையத்தின் கீழ் வந்தன. ஆட்சிமுறையில் ஏற்பட்ட இச்சிறு மாற்றம் நூலகத்தின் இயல்பையே மாற்றியது. குடிநீரும் சாலையும் போல் ஒரு நகர வசதியாக இருந்தது, கலைக்கொள்கையின் கருவியாயிற்று. 2019இல் புதுப்பித்துத் திறக்கப்பட்ட அல் சஃபா நூலகம் கலை, வடிவமைப்பு நூலகம் என்றே பெயர் பெற்றது. அங்கே படிப்பறையோடு காட்சிக்கூடமும் பட்டறை அறைகளும் உள்ளன. 2022இல் தொடங்கிய ‘வாழ்க்கைப் பள்ளி’ என்னும் திட்டம் நகர நூலகங்களில் கைத்தொழில், எழுத்து, கலை முதலியவற்றில் குறும்பயிற்சிகளைப் பரப்பியது. அதே ஆண்டு ஜூனில், மரத்தாலான திருக்குர்ஆன் தாங்கியின் வடிவில் ஏழு தளங்களுடன் முஹம்மது பின் ராஷித் நூலகம் திறக்கப்பட்டது.

அபுதாபி இவற்றுக்கெல்லாம் முன்னோடி. 1981இல் பழைய கோட்டையான கஸ்ர் அல் ஹொஸ்னின் அருகே திறக்கப்பட்ட பண்பாட்டு நிறுவனம், நூலகத்தையும் அரங்கையும் காட்சிக்கூடத்தையும் ஒரே வளாகத்தில் வைத்தது. சில ஆண்டுகள் மூடப்பட்டுச் சீரமைக்கப்பட்ட பின் 2018 முதல் படிப்படியாகத் திறந்தது. 2019இல் அங்கே சிறார் நூலகம் வந்தது. கத்தாரில் 2017 நவம்பரில் மக்களுக்குத் திறக்கப்பட்ட தேசிய நூலகத்தில் ஒலிப்பதிவு அறையும் இசைக்கருவிகளும் உண்டு. கத்தார் இசைக்குழுவினர் நூலடுக்குகளுக்கு நடுவே இசைக்கின்றனர். அந்நூலகத்தில் குடிமக்களேயன்றி நாட்டில் வதிவோரும் கட்டணமின்றி உறுப்பினர் ஆகலாம். இந்த ஒரு விதியின் பெறுமதியைப் பின்னர் காண்போம்.

2016இல் அமீரகம் இயற்றிய தேசிய வாசிப்புச் சட்டம் அரசு ஊழியர் பணிநேரத்தில் வாசிக்க இடமளித்தது. பிறந்த குழந்தைகளுக்கு நூற்பை வழங்கியது. வணிக வளாகங்களின் தேநீரகங்களில் படிக்கத் தாள் வைக்கச் சொன்னது. சட்டத்தால் வாசிப்பு வளருமா என்பது வேறு வினா. ஆயினும் தேநீரகத்தையும் வாசிப்பையும் இணைத்த அவ்விதி, தேநீர்க் கடைகளில் நாளிதழ் உரக்கப் படிக்கக் கேட்டு அரசியல் கற்ற தமிழரைப் புன்னகைக்க வைக்கும்.

இரு நூலக மரபுகள்

அமீரக மக்கள்தொகையில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் அயல்நாட்டவர். இந்தியர் மட்டும் 35 லட்சத்துக்கும் மேற்பட்டோர். அவருள் தமிழர் தொகை சிறிதன்று. பட்டிமன்றமும் பொங்கல் விழாவும் மெல்லிசையும் பரதநாட்டிய அரங்கேற்றமும் குறைவின்றி நடைபெறுகின்றன. எனினும் நூலகத்தை மையமாகக் கொண்ட தமிழ்க் கலைவாழ்வு உருவாகவில்லை. மலையாளிகள் நிலை வேறு. ஷார்ஜா புத்தகக் கண்காட்சியின் இந்திய அரங்கில் மலையாளப் பதிப்பகங்களின் முன் கூடும் கூட்டத்தைக் கண்டவர் இவ்வேறுபாட்டை உடனே உணர்வர். 1947இல் தோன்றிய பஹ்ரைன் கேரளீய சமாஜத்தில் நூலகமும் நாடக மேடையும் ஒருங்கே வளர்ந்தன. அபுதாபியில் கேரள சமூக மையம் பரத் முரளி பெயரில் நாடக விழா நடத்துகிறது. பென்யாமின் தம் ‘ஆடுஜீவிதம்’ நாவலை பஹ்ரைனில் வாழ்ந்த காலத்தில் எழுதினார்.

மலையாளிகள் வாசிப்பை விரும்புவோர், தமிழர் மேடையை விரும்புவோர் என்று இதற்கு எளிய விளக்கம் கூறப்படுவதுண்டு. இது சோம்பலான விளக்கம். இரண்டு மாநிலங்களின் நூலகச் சட்டங்கள் இதைவிடத் தெளிவாகப் பேசுகின்றன.

திருவிதாங்கூரில் 1945இல் பி. என். பணிக்கர் 47 ஊர் நூலகங்களின் பிரதிநிதிகளை அம்பலப்புழையில் கூட்டி நூலகச் சங்கம் அமைத்தார். அந்நூலகங்கள் ஊராரால் நிறுவப்பட்டவை. ஊராரே உறுப்பினர், ஊராரே நிர்வாகிகள். வாயனசாலையோடு கலா சமிதி ஒன்று இணைந்திருப்பது அங்கே இயல்பு. ஆண்டு விழாவில் நாடகம் போடாத வாயனசாலை அரிது. 1989இல் கேரளப் பொது நூலகச் சட்டம் வந்தபோதும் அரசு நிதியுதவியே அளித்தது, நூலகத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

தமிழ்நாட்டிலும் தொடக்கம் அவ்வாறே இருந்தது. சென்னை நூலகச் சங்கம் 1928இல் தோன்றியது. 1931இல் மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டுவண்டி நூலகம் ஊர் ஊராகச் சென்றது. அதே ஆண்டில் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதனின் ஐந்து விதிகள் நூலாயின. அவ்விதிகளின் இறுதியானது நூலகத்தை வளரும் உயிராகக் காண்கிறது. இன்னொரு புறம், சுயமரியாதை இயக்கமும் திராவிட இயக்கமும் பொதுவுடைமை இயக்கமும் ஊர்தோறும் படிப்பகங்களை எழுப்பின. ஓலைக் கொட்டகை, ஒரு மேசை, நான்கு இதழ்கள். எழுத்தறிந்தவர் படிக்க எழுத்தறியாதவர் கேட்பர். அப்படிப்பகத்து இளைஞரே மாலையில் நாடகம் ஒத்திகை பார்த்தனர். மஜ்லிஸுக்கு உறவு தேடினால் கன்னிமாராவில் அன்று, இக்கொட்டகையில்தான் தேடவேண்டும்.

1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் என்று நாம் பெருமை கொள்வது தகும். சொத்துவரியோடு நூலக வரி, மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு, ஊதியம் பெறும் நூலகர் என அது தந்த நன்மைகள் பல. ஆனால் அச்சட்டம் நூலகத்தை அரசு அலுவலகமாகவும் ஆக்கிற்று. நூலக ஊழியர் கலைநிகழ்வு நடத்தினால் மேலிடத்து ஒப்புதல் வேண்டும்; ஊரார்க்கு அங்கே வாசகர் என்னும் இடமன்றி நிர்வாகி என்னும் இடம் இல்லை. படிப்பகங்களோ கட்சிகளின் கிளை மன்றங்களாகித் தேர்தல் அரசியலோடு தேய்ந்தன. இவ்வாறு தமிழரின் மேடை ஒரு பக்கமும் நூல் ஒரு பக்கமும் பிரிந்தன. 1970களுக்குப் பின் வளைகுடாவுக்குப் பெயர்ந்த தமிழர் மன்ற மேடையை எடுத்துச் சென்றனர். மலையாளிகள் வாயனசாலையை எடுத்துச் சென்றனர்.

ஈழத் தமிழரிடம் மூன்றாவது மாதிரி ஒன்று இருந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். க. மு. செல்லப்பா 1933இல் தம் இல்லத்தில் தொடங்கிய இரவல் நூலகமே யாழ்ப்பாணப் பொது நூலகமாயிற்று. களியாட்ட விழாக்கள் நடத்தியும் ஊரார் நிதி திரட்டினர். கலைநிகழ்வு அங்கே நூலகத்துக்குச் செங்கல் ஆயிற்று. இரங்கநாதன் அறிவுரை வழங்கினார். கட்டடம் 1959இல் திறக்கப்பட்டது. 1981இல் அது எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஒரு நூலகம் எரிந்தமைக்கு ஓர் இனம் இன்றளவும் துயருறுவது, அது அரசு கொடுத்த கட்டடமாக மட்டும் இருந்திருந்தால் நேர்ந்திராது.

உரிமமும் அரங்கமும்

வளைகுடாவில் ஒரு சமூக அமைப்பு இயங்க அரசின் உரிமம் வேண்டும். அவ்வுரிமம் பெற்ற அமைப்புகள் சிலவே. பொதுமக்களிடம் நன்கொடை திரட்டுவதைச் சட்டம் கடுமையாக ஒழுங்குபடுத்துகிறது. எனவே தமிழ்க் கலைநிகழ்வுகள் பெரும்பாலும் உணவகக் கூடங்களிலும் பள்ளி அரங்குகளிலும் வணிக நிறுவனங்களின் ஆதரவோடு நடக்கின்றன. ஆதரவாளர் விரும்புவது திரைப்பாடகரையும் சின்னத்திரைப் பேச்சாளரையும். இதில் குறைகூற ஏதுமில்லை; கூடத்துக்கு வாடகை கொடுப்பவர் கூட்டத்தை எதிர்பார்ப்பது இயல்பே. இழப்பு எங்கே எனில், பத்துப் பேர் அமர்ந்து ஒரு சிறுகதையை விவாதிக்கவும், பிள்ளைகள் தமிழில் பொம்மலாட்டம் செய்யவும் இடமின்றிப் போவதில்.

பொது நூலகம் இந்நிலையில் தனிப் பெறுமதி உடையது. அது ஏற்கெனவே அரசின் இடம். அங்கே நடப்பது நூலகத்தின் நிகழ்வு. உரிமச் சிக்கல் நூலகத்தைச் சேர்ந்தது. அங்கே நுழைபவர் எந்நாட்டவராயினும் வாசகர் என்னும் ஒரே பெயர் பெறுகிறார். வளைகுடாத் தமிழ் எழுத்தில் மீளமீள ஒலிக்கும் சொல் அந்நியன் என்பது. மீரான் மைதீன் தம் சவூதி வாழ்வின் நாவலுக்கு ‘அஜ்னபி’ என்று அரபுச் சொல்லாலேயே பெயரிட்டார். துபாயில் பல்லாண்டு பணியாற்றிய நாகூர் ஆபிதீனின் கதைகளிலும் அறையும் அலுவலகமுமே உலகம். கத்தார் நூலகம் போன்ற இடத்தில் வதிவோர்க்கு உறுப்பினர் அட்டை கிடைப்பதை இந்தப் பின்னணியில் வைத்தே மதிப்பிட வேண்டும்.

எனினும் எல்லா வதிவோரும் ஒரு நிலையினர் அல்லர். ஷார்ஜாவின் சஜாவிலும் துபாயின் அல் கூஸ், முஹைஸ்னாவிலும் தொழிலாளர் குடியிருப்புகளில் வாழ்வோர்க்கு வாரத்தில் ஒரு நாளே ஓய்வு. அன்றும் துணி துவைக்கவும் சமைக்கவும் ஊருக்குப் பேசவும் நேரம் சரியாகிவிடும். பண்பாட்டுச் சதுக்கத்துக்கோ ஜதாஃபுக்கோ பேருந்து மாறிச் செல்வது எளிதன்று. சென்றாலும் பளிங்குத் தரையும் கண்ணாடிச் சுவரும் அழைக்குமா தடுக்குமா என்பது ஆராயத்தக்கது. மன்னார்குடியில் வண்டி ஊரை நோக்கிச் சென்றது. ஊர் வண்டியை நோக்கி வரவில்லை. வளைகுடா நூலகங்களின் கலைத் திட்டங்களில் இவ்வொரு திசைமாற்றமே இன்னும் நிகழவேண்டியது. இது தமிழர்க்கு மட்டுமன்றி வங்காளியர்க்கும் நேப்பாளியர்க்கும் பொருந்தும்.

குழந்தைகள் நிலை வேறு வகையது. நூலகத்தின் சிறார் நிகழ்வுகளில் தமிழ்ப் பிள்ளைகள் இல்லாமல் இல்லை. அரபியிலும் ஆங்கிலத்திலும் கதை கேட்கின்றனர். நாணல் எழுதுகோலால் அலிஃப் எழுதிப் பழகுகின்றனர். தமிழைப் பெரும்பாலும் பெற்றோர் தாமே கூடி வாரவிடுமுறையில் கற்பிக்கின்றனர். அங்கே தமிழ் என்பது எழுத்துப் பயிற்சியும் மனப்பாடச் செய்யுளும். நூலகத்தில் அரபி என்பது வண்ணமும் விளையாட்டும். எந்த மொழியைப் பிள்ளை விரும்பும் என்று கேட்கத் தேவையில்லை.

அர்வி என்னும் வாயில்

இந்நூலகங்களுக்குள் தமிழ் நுழைய விருந்தினராகக் கதவைத் தட்டவேண்டியதில்லை. உறவினராக நுழைய ஒரு வழி உண்டு. தமிழை அரபு எழுத்தில் எழுதும் அர்வி என்னும் அரபுத்தமிழ் மரபே அது. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு இருக்கும் எழுத்துகளிலேயே கூடுதல் புள்ளியும் குறியும் இட்டுப் புது எழுத்து சமைத்தனர் நம் முன்னோர். காயல்பட்டினத்தில் 1816இல் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்து 1898இல் மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அம்மரபின் பேராசிரியர். அவருடைய ‘மகானி’ முதலிய நூல்கள் கடற்கரை ஊர்களின் வீடுகளில் பெண்களால் ஓதப்பட்டன. தமிழ் எழுத்து அறியாத பெண்கள் அர்வியால் தமிழ் படித்தனர் என்பது எழுத்தறிவுக் கணக்கெடுப்புகள் காணத் தவறிய வரலாறு.

2002 முதல் வனப்பெழுத்துக்கென்றே ஓர் அருங்காட்சியகத்தையும், தனியே இருமையாண்டு விழாவையும் கொண்ட ஊர் ஷார்ஜா. அங்கே அரபு எழுத்தைக் கற்பிக்கும் பட்டறை ஒன்றில் அர்வியும் ஒரு பாடமாக அமையுமானால், அரபுப் பிள்ளை தன் எழுத்து வேற்றுமொழியில் பாடுவதைக் காணும். தமிழ்ப் பிள்ளை தன் மொழி அவ்வூரின் எழுத்தில் நெடுங்காலமாகவே வாழ்ந்ததைக் காணும். நாகூர், காயல்பட்டினம், கீழக்கரைக் குடும்பங்கள் பல தேராவிலும் ஷார்ஜாவிலும் வாழ்வதால், வீட்டுப் பெட்டிகளில் உறங்கும் கல்லச்சு நூல்களை ஒரு காட்சிக்குத் திரட்டுவது அரிய செயலன்று. பாட்டியர் ஓதியதை ஒலிப்பதிவு செய்ய நூலகங்களில் கருவியும் அறையும் இருக்கின்றன.

எதிர்த் திசையிலிருந்தும் பாலம் அமைந்து வருகிறது. சென்னைப் பல்கலைக்கழக அரபுத் துறைப் பேராசிரியர் அ. ஜாகிர் உசேன் திருக்குறளை அரபியில் பெயர்த்துள்ளார். அம்மொழிபெயர்ப்பை மஜ்லிஸ் முறையில் ஒருவர் அரபியில் ஓத, ஒருவர் தமிழில் ஓதும் மாலை ஒன்றுக்கு உணவகக் கூடமோ ஆதரவாளரோ தேவையில்லை. பாய் விரித்த ஓர் அறை போதும்.

நூற்பட்டியல் செய்வோர்க்கு அர்வி ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. எழுத்தை நோக்கினால் அது அரபு அடுக்குக்குச் செல்லும். மொழியை நோக்கினால் தமிழ் அடுக்குக்கு வரும். இரு பதிவுகளும் இட்டு இரு அடுக்குகளிலும் சுட்டு வைப்பதே இரங்கநாதன் வழியில் வந்தவர் செய்யத்தக்கது. அவ்வாறு செய்ய, நூலகத்தில் தமிழ் அடுக்கு என ஒன்று முதலில் வேண்டும்.